பலகை காணாமல் சதுரங்கம்

(பொள்ளாச்சியில் ஆசிரியர்களும் ஊர்ப்புற நூலகர்களும் இளைஞர் மன்றத்தினரும் மகளிர் குழுவினரும் கூடிய கூட்டத்தில் வட்டார வளர்ச்சி அலுவலர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வட்டார வளர்ச்சி அலுவலகத்தார் மேடையேறினால் சாலை, குடிநீர், கழிவுநீர்க் கால்வாய் என்றுதான் பேசுவர் என நீங்கள் எதிர்பார்த்திருப்பீர்கள். இன்று நாம் எடுத்துக்கொண்ட பொருள் சதுரங்கம். அதிலும் பலகையைக் கண்ணால் காணாமலே ஆடும் சதுரங்கம். ஊர் வளர்ச்சிக்கும் இதற்கும் என்ன தொடர்பு என்று சிலர் வினவலாம். சாலையும் கிணறும் வெளியே காணும் வளர்ச்சி. பிள்ளைகளின் கருத்தும் ஊக்கமும் உள்ளே நிகழும் வளர்ச்சி. பின்னது இல்லையேல் முன்னது நிலைக்காது.

2022-ஆம் ஆண்டு ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை மாமல்லபுரத்தில் 44-ஆவது சதுரங்க ஒலிம்பியாடு நடைபெற்றது. 2024 டிசம்பர் 12 அன்று சென்னையைச் சேர்ந்த குகேஷ் தமது 18-ஆம் வயதில் சிங்கப்பூரில் உலக வாகையர் ஆனார். இவற்றின் பயனாக நம் சிற்றூர்களிலும் பிள்ளைகள் சதுரங்கப் பலகையை நாடத் தொடங்கியுள்ளனர். கோயில் திண்ணையில் கோடு கிழித்து ஆடுபுலி ஆடிய மண்ணில் இது வியப்பன்று. இந்த ஆர்வம் இருக்கும்போதே அதனை ஒரு படி மேலே கொண்டு செல்ல வேண்டும் என்பது நம் கருத்து.

நம்மிடம் இருந்த கலை

பலகை காணாமல் ஆடுதல் வெளிநாட்டிலிருந்து வந்த புதுமை என்று எண்ண வேண்டா. அவதானம் என்றும் கவனகம் என்றும் கூறப்படும் கலை தமிழ்நாட்டில் நெடுங்காலமாக வழங்கி வந்துள்ளது. ஒரே வேளையில் எட்டுச் செயல்களில் கருத்தைச் செலுத்துவோர் அட்டாவதானி. பத்தில் செலுத்துவோர் தசாவதானி. நூறில் செலுத்துவோர் சதாவதானி. அவையில் ஒருவர் மணியடிப்பார்; அந்த ஒலிகளை எண்ணி வர வேண்டும். ஒருவர் முதுகின்மேல் சிறு கல்லோ நெல்லோ எறிவார்; அதனையும் எண்ண வேண்டும். ஒருவர் ஈற்றடி கொடுத்து வெண்பா கேட்பார். மற்றொருவர் நீண்ட கணக்கொன்றைச் சொல்லி விடை கேட்பார். இவற்றுக்கிடையே ஒருவர் சதுரங்கப் பலகையுடன் அமர்ந்திருப்பார். அவதானி அப்பலகையைப் பாராமலே தம் காயை எங்கே வைப்பது என்று வாயால் சொல்லி ஆட வேண்டும். அவதானத்தின் மரபான உறுப்புகளுள் சதுரங்கமும் ஒன்று.

‘விநோதரச மஞ்சரி’ எழுதிய வீராசாமிச் செட்டியார் பெயருக்கு முன் அட்டாவதானம் என்னும் சிறப்பு இன்றும் சேர்ந்தே நிற்கிறது. நாகர்கோவிலை அடுத்த இடலாக்குடியில் 1874-இல் பிறந்து 1950-இல் மறைந்த செய்குத்தம்பிப் பாவலர், 1907 மார்ச்சு 10 அன்று சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் நிகழ்த்திப் புகழ் பெற்றார். பிற்காலத்தில் திருக்குறளைக் கொண்டு கவனகம் நிகழ்த்திய பெ. இராமையா கண்பார்வை அற்றவர் என்பதும் நாம் நினைவிற்கொள்ளத் தக்கது.

இத்தகையோரை நாம் போற்றினோம், மாலை சூட்டினோம், தெய்வ அருள் பெற்றவர் என்று கூறி வீடு திரும்பினோம். அவர்கள் அதனை எவ்வாறு பயின்றனர், நம் பிள்ளைகளுக்கு அதில் ஒரு பங்கையேனும் கற்பிக்க இயலுமா என்று கேட்டவர் மிகச் சிலர். வித்தை என்று கருதினால் கைதட்டுவதோடு வேலை முடிந்துவிடும். பயிற்சி என்று அறிந்தால்தான் கற்பிக்கும் வேலை தொடங்கும்.

பிற நாடுகளில்

ஐரோப்பாவிலும் இதே வரலாறுதான். பிரெஞ்சு நாட்டு ஃபிலிதோர் 1783-இல் இலண்டனில் பலகை காணாமல் ஆடியபோது அது மனித ஆற்றலுக்கு அப்பாற்பட்டதாகப் பேசப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டே அறிஞர் திதரோ, மூளைக்குத் தீங்கு நேரக்கூடும் என்று அஞ்சி அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் எழுதினார். ஆனால் 1925-இல் பாரிசில் அலெகைன் 28 பேருடன் ஒருங்கே அவ்வாறு ஆடினார். 2016-இல் லாஸ் வேகாஸ் நகரில் திமூர் கரேயெவ் 48 பேருடன் ஆடினார். அவற்றுள் 35 ஆட்டங்களில் வென்று, 7 ஆட்டங்களைச் சமன் செய்து, 6 ஆட்டங்களில் மட்டுமே தோற்றார். வழியும் முறையும் வகுக்கப்பட்டால் அருஞ்செயலும் வளர்ந்துகொண்டே செல்லும் என்பதற்கு இது சான்று.

இவர்களுள் நய்தோர்ஃப் என்பவரின் செய்தி நெஞ்சைத் தொடுவது. போலந்து நாட்டவராகிய அவர் 1939-இல் ஒலிம்பியாடு ஆடுவதற்கு அர்ஜெண்டினா சென்றிருந்தபோது போர் மூண்டது. நாடு திரும்ப இயலவில்லை. 1943-இல் அவர் 40 பேருடன் பலகை காணாமல் ஆடினார். அச்செய்தி நாளிதழ்களில் வெளிவந்தால் போலந்தில் உள்ள தம் குடும்பத்தார் எவரேனும் அதனைக் கண்டு, தாம் உயிருடன் இருப்பதை அறிவர் என்பது அவர் எண்ணம். ஆனால் நாஜிக்களின் கொடுமைக்கு அக்குடும்பம் இரையாகிவிட்டது.

நம் விசுவநாதன் ஆனந்தும் இத்துறையில் சிறந்தவரே. 1992 முதல் 2011 வரை ஆண்டுதோறும், பெரும்பாலும் மொனாக்கோவில், ஆம்பர் போட்டி நடைபெற்றது. அதில் ஒரே எதிராளியுடன் பலகை கண்டு ஓர் ஆட்டமும், காணாமல் ஓர் ஆட்டமும் ஆட வேண்டும். காணாத ஆட்டத்தில் ஆட்டக்காரர்முன் கணிப்பொறித் திரையில் வெறும் கட்டங்கள் மட்டுமே இருக்கும். இப்போட்டியில் ஆனந்து பன்முறை வெற்றி கண்டார்.

மனத்தில் நிகழ்வது யாது?

இவர்கள் மனத்தில் பலகையின் நிழற்படம் ஒன்று அப்படியே பதிந்திருக்கிறதா? பிரெஞ்சு உளநூல் அறிஞர் ஆல்ஃபிரடு பினே இக்கேள்வியை ஆராய்ந்து 1894-இல் நூல் வெளியிட்டார். தேர்ந்த ஆட்டக்காரர் பலர் காயின் வடிவையோ நிறத்தையோ காண்பதில்லை என்று அவர் கண்டார். இந்த யானை அந்த வரிசையைக் காக்கிறது, இந்தக் குதிரை அந்தக் கட்டத்தை மிரட்டுகிறது என்னும் தொடர்புகளையே அவர்கள் மனத்திற்கொள்கின்றனர்.

1973-இல் அமெரிக்க அறிஞர்களான சேசும் சைமனும் வெளியிட்ட ஆய்வு இதனை மேலும் தெளிவாக்கியது. உண்மையான ஆட்டத்தின் இடையில் உள்ள நிலையைச் சில நொடிகள் காட்டி மறைத்தால், தேர்ந்தவர் பெரும்பாலான காய்களைத் திரும்ப அடுக்கிவிடுகிறார். புதியவரால் ஒரு சிலவற்றையே அடுக்க இயலுகிறது. ஆனால் காய்களை எந்தப் பொருளும் இன்றி இறைத்து வைத்துக் காட்டினாலோ, தேர்ந்தவரின் மேன்மை ஏறத்தாழ மறைந்துவிடுகிறது. ஆகவே அவர் பெற்றிருப்பது பிறவியிலேயே அமைந்த தனி நினைவாற்றல் அன்று. பொருள் அறிந்து கூட்டம் கூட்டமாக நினைவிற்கொள்ளும் பழக்கமே ஆகும்.

இது நமக்குப் புதிதா? பரம்பிக்குளம் – ஆழியாறு வாய்க்காலில் நீர் முறை வந்த இரவில், நம் உழவர் மண்வெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு இருளில் செல்கிறார். எந்த மடையைத் திறந்தால் எந்தப் பாத்திக்கு நீர் பாயும், எந்த வரப்பு இளகியுள்ளது என்பன அவர் அறிந்தவை. தோட்டத்தின் படத்தை அவர் மனப்பாடம் செய்யவில்லை. அதில் நாள்தோறும் உழைத்துப் பழகியிருக்கிறார். நம் பொள்ளாச்சி மாட்டுச் சந்தையில் துண்டுக்குள் கை மறைத்து விரல் பிடித்து விலை பேசும் வழக்கத்தையும் எண்ணிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரியாத விலையை விரல் அறிகிறது. மனம் கூட்டிக் கழித்துப் பார்க்கிறது. பழகிய இடத்தில் கண்ணின் வேலையை மனம் ஏற்றுக்கொள்ளும்.

கற்பிக்கும் முறை

இனி, இதனை நம் பிள்ளைகளுக்குக் கற்பிக்கும் வழியைக் காண்போம். ஆடும் விதிகளை அறிந்த பிள்ளைக்கு நாளொன்றுக்குக் கால் மணி நேரம் போதும்.

முதற்படி பெயரிடுதல். பலகையில் எட்டு நெடுவரிசைகளும் எட்டுக் கிடைவரிசைகளும் உள்ளன. உலக வழக்கில் நெடுவரிசைகளை வெள்ளைக்காரரின் இடப்புறத்திலிருந்து ஏ, பி, சி, டி, ஈ, எஃப், ஜி, எச் என்று ஆங்கில எழுத்துகளால் அழைப்பர். (வெள்ளைக்காரர் என்றது வெள்ளைக் காய் ஆடுபவரை.) போட்டிக்குச் செல்லும் பிள்ளை அதனைக் கற்றே ஆக வேண்டும். ஆயினும் தொடக்கத்தில் நம் பிள்ளைகள் அரிச்சுவடியில் கற்ற சொற்களையே வைத்துக்கொள்ளலாம்: அணில், ஆடு, இலை, ஈட்டி, உரல், ஊஞ்சல், எலி, ஏணி. உயிரெழுத்துகளின் முதல் எட்டும் முறையாக அமைந்துவிடுகின்றன. கிடைவரிசைகளுக்கு வெள்ளையின் பக்கத்திலிருந்து 1 முதல் 8 வரை எண். ஆகவே 64 கட்டங்களுக்கும் பெயர் கிடைத்துவிட்டது. வெள்ளை அரசன் நிற்கும் வீடு உரல்-1. கறுப்பு அரசி நிற்கும் வீடு ஈட்டி-8.

இரண்டாம் படி நிறம் அறிதல். அணிலுக்கு 1, ஆட்டுக்கு 2 என்று ஏணிக்கு 8 வரை எண் கொடுங்கள். நெடுவரிசை எண்ணையும் கிடைவரிசை எண்ணையும் கூட்டுங்கள். கூட்டுத்தொகை இரட்டைப்படையானால் கறுப்புக் கட்டம். ஒற்றைப்படையானால் வெள்ளைக் கட்டம். உரல்-4 என்றால் 5-உம் 4-உம் 9, வெள்ளை. ஈட்டி-4 என்றால் 4-உம் 4-உம் 8, கறுப்பு. சில வாரங்களில் கூட்டிப் பாராமலே பிள்ளைகள் விடை சொல்லத் தொடங்குவர். 64 கட்டங்களையும் ஒருங்கே பழகுவது கடினமாயின், நம் பாசனப் பரப்பை நான்கு மண்டலங்களாகப் பிரித்திருப்பது போலப் பலகையையும் நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். மண்டலத்திற்கு 16 கட்டங்கள். நான்கிலும் நிறங்களின் அமைப்பு ஒன்றே. ஒன்றைப் பழகியவன் நான்கையும் பழகியவனாவான்.

மூன்றாம் படி வழி அறிதல். வெறும் பலகையில் யானை எங்கு நின்றாலும் 14 கட்டங்களுக்குச் செல்லும். மந்திரி தான் நின்ற நிறத்தை என்றும் விடாது. குதிரை ஒவ்வொரு தாவலிலும் நிறம் மாறும். நடுவில் நின்றால் எட்டு வழி, மூலையில் நின்றால் இரண்டே வழி. ஒரு பயிற்சி சொல்கிறோம். அணில்-1 என்னும் மூலையில் குதிரை நிற்கிறது. எதிர்மூலையான ஏணி-8 சேர வேண்டும். ஆடு-3, இலை-5, ஈட்டி-7, ஊஞ்சல்-8, எலி-6, ஏணி-8 என ஆறு தாவலில் சேரலாம். அதற்குக் குறைவாக இயலாது. வேறு வழிகளும் உண்டு. அவற்றைக் கண்களை மூடிக்கொண்டு கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

நான்காம் படி, சிறிய ஆட்டம். வெள்ளை முதலில் ஊஞ்சல் காலாளை ஊஞ்சல்-3-க்கு நகர்த்துகிறது. கறுப்பு உரல் காலாளை உரல்-5-க்கு நகர்த்துகிறது. வெள்ளை எலிக் காலாளை எலி-4-க்குத் தள்ளுகிறது. கறுப்பு அரசி ஏணி-4-க்கு வருகிறாள். என்ன ஆயிற்று? வெள்ளை அரசன் மாண்டான். அரசியிடமிருந்து அவன்மீது செல்லும் மூலைவழி எலி-3, ஊஞ்சல்-2 ஆகியவற்றைக் கடந்து உரல்-1-ஐ அடைகிறது. இடையே நின்று காக்கத் தக்க காய் எதுவும் இல்லை. இங்கே அமர்ந்துள்ளவர்களில் பலர் இப்போது பலகையின்றியே ஓர் ஆட்டத்தை முழுமையாகக் கண்டுவிட்டீர்கள்!

ஐந்தாம் படியில், அரசனும் ஓரிரு காலாட்களும் மட்டும் நிற்கும் முடிவாட்டங்களைப் பலகைக்கு முதுகைக் காட்டி அமர்ந்து ஆடச் செய்யுங்கள். பின்னர் முழு ஆட்டத்திற்குச் செல்லலாம். முதலில் ஐந்து நகர்வுக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துச் சரிபார்க்க விடுங்கள்; பிறகு பத்து நகர்வுக்கு ஒருமுறை. மனத்திலுள்ள நிலையும் பலகையிலுள்ள நிலையும் வேறுபட்டால், எந்த நகர்வில் வேறுபட்டது என்று பின்னோக்கிச் சொல்லச் செய்யுங்கள். அவ்வாறு தேடுவதில்தான் பிள்ளையின் கருத்து உறுதிப்படுகிறது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். பலருடன் ஒருங்கே ஆடிக் காட்டும் நிகழ்ச்சிகளை உடல்நலம் கருதிச் சோவியத் நாடு 1930-இல் தடை செய்தது. அந்த அச்சம் மிகையாக இருக்கலாம். ஆயினும் பிள்ளையை மேடையேற்றி வேடிக்கை காட்டுவதும், இரவில் உறக்கம் கெடுமளவு பயிற்றுவதும் கூடா. தலை வலிக்கிறது என்றால் அன்று நிறுத்திவிட வேண்டும்.

பார்வையற்றோர் ஆட்டம்

இதுவரை கூறியது கண் உள்ளவர் கண்ணை மூடி ஆடுவதைப் பற்றி. இனிக் கூறப்போவதே நம் உரையின் உயிர்நிலை.

சில மாதங்களுக்கு முன், சிற்றூர்ப் பள்ளி ஆசிரியர் ஒருவர் பார்வையற்ற மாணவன் ஒருவனைச் சதுரங்கப் போட்டி ஒன்றிற்கு அழைத்துச் சென்றார். வகுப்பில் தோழர்கள் வாயால் சொல்லச் சொல்ல ஆடி வெல்பவன் அவன். போட்டி நடத்தியோர், ‘பலகையைக் காண இயலாதவன் எப்படி ஆடுவான்? அதற்கு விதி இல்லை’ என்று கூறித் திருப்பி அனுப்பிவிட்டனர். அவர்கள் தீய எண்ணத்தால் அவ்வாறு செய்யவில்லை, அறியாமையால் செய்தனர். ஆனால் அந்த அறியாமையின் சுமை பிள்ளையின் தலையில் அல்லவா விழுந்தது?

விதி உண்டு. உலகச் சதுரங்கக் கூட்டமைப்பின் விதிகளிலேயே பார்வையற்றோருடன் ஆடும் முறை எழுதப்பட்டுள்ளது. பார்வையற்றவர் தமக்கெனத் தனிப் பலகை வைத்துக்கொள்ளலாம். அதில் கறுப்புக் கட்டங்கள் சற்று மேடாக இருக்கும். கட்டந்தோறும் ஒரு துளை இருக்கும். காயின் அடியிலுள்ள முளை அத்துளையில் பொருந்தும். விரலால் தடவும்போது வேறுபாடு தெரியுமாறு கறுப்புக் காய்களுக்குத் தனி அடையாளம் இருக்கும். எதிராளி தம் வழக்கமான பலகையில் ஆடுவார். ஒவ்வொரு நகர்வையும் உரக்கச் சொல்ல வேண்டும். மற்றவர் அதனைத் திருப்பிச் சொல்லித் தம் பலகையிலும் நகர்த்த வேண்டும். காயைத் தடவிப் பார்ப்பது தொட்டதாகாது. துளையிலிருந்து எடுத்தால்தான் தொட்டதாகும். ஆங்கில எழுத்துகள் சில காதில் ஒன்றுபோல ஒலிப்பதால், நெடுவரிசைகளுக்கு அன்னா, பெல்லா, சேசர், டேவிட், ஈவா, ஃபெலிக்ஸ், குஸ்தாவ், ஹெக்டர் என்று பெயர்களும் அவ்விதிகளில் தரப்பட்டுள்ளன. நாம் அணில், ஆடு என்று வைத்தது விளையாட்டுக்கு மட்டும் அன்று என்பது இப்போது விளங்கியிருக்கும்.

விரல் பலகையைத் தடவுகிறதே, இது காணாத ஆட்டம் ஆகுமா என்று கேட்கலாம். கண் 64 கட்டங்களையும் ஒரே நோக்கில் கொள்கிறது. விரலோ ஒரு நேரத்தில் ஒரு மூலையை மட்டுமே அறிகிறது. முழுப் பலகையையும் ஒன்றாகச் சேர்த்து வைத்திருப்பது மனமே. ஆகவே நாம் மேலே கூறிய படிகள் கண் உள்ள பிள்ளைக்கு நல்ல பயிற்சி. பார்வையற்ற பிள்ளைக்கோ அவையே ஆட்டத்தின் வாயில்.

பார்வையற்றோருக்கான முதல் சதுரங்க ஒலிம்பியாடு 1961-இல் ஜெர்மனியில் மெசெடே நகரில் நடைபெற்றது. 2012-இல் அது நம் சென்னையிலேயே நடைபெற்றது. குஜராத்தின் வடோதராவைச் சேர்ந்த தர்பன் இனானி, மூன்று வயதில் பார்வையை இழந்தவர். அவர் 2023 அக்டோபரில் ஹாங்சோவில் நடந்த ஆசிய மாற்றுத்திறனாளர் விளையாட்டில் தங்கப் பதக்கம் வென்றார். கணக்காயர் தேர்விலும் தேறியவர். இவ்விளையாட்டில் பார்வையற்றவர், பார்வையுள்ளவருக்கு எதிரே அமர்ந்து, எந்தச் சலுகைப் புள்ளியும் பெறாமல் வெல்ல இயலும். அவ்வாறு சமமாக அமரக்கூடிய இடங்கள் நம் ஊர்களில் எத்தனை உள்ளன என்று எண்ணிப் பாருங்கள்.

நாம் செய்ய வேண்டுவன

பெருஞ்செலவு எதுவும் வேண்டா. ஊருக்கு ஒரு தொட்டுணரும் பலகை போதும். நம் ஊர்த் தச்சர் ஒருவரே அதனைச் செய்துவிடுவார். பலகையில் 64 துளைகள்; கறுப்புக் கட்டங்களின்மேல் மெல்லிய ஒட்டுப்பலகைத் துண்டுகள்; காய்களின் அடியில் முளைகள்; கறுப்புக் காய்களின் தலையில் ஒரு சிறு ஆணிக் கொண்டை. இவ்வளவுதான். அப்பலகையை அலமாரியில் பூட்டி வைக்காமல், ஊர்ப்புற நூலகத்தின் மேசைமேல் வைக்க வேண்டும்.

இளைஞர் மன்றத்தார் நடத்தும் போட்டிகளின் அறிவிப்பில் ‘பார்வையற்றோரும் கலந்துகொள்ளலாம்’ என்று ஒரு வரி சேர்க்க வேண்டும். நடுவராக இருப்போர் மேற்கூறிய விதிகளை முன்னரே படித்து வைத்திருக்க வேண்டும். ஆசிரியர்கள் வாரம் ஒரு நாள், வகுப்பிலுள்ள பிள்ளைகள் அனைவரும் பலகைக்கு முதுகு காட்டி ஆடும் வேளை ஒன்றை ஒதுக்கலாம். அவ்வேளையில் கண் உள்ள பிள்ளையும் இல்லாத பிள்ளையும் ஒரே நிலையில் இருப்பர். மகளிர் குழுத் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள்: பார்வைக் குறையுள்ள பிள்ளை வீட்டில் இருந்தால், வெயிலுக்கும் வழிக்கும் அஞ்சி வீட்டுக்குள்ளேயே அமர்த்திவிடாமல் நூலகத்திற்கு அனுப்பி வையுங்கள். அழைத்துச் செல்ல ஆள் இல்லையெனில், மன்றத்து இளைஞர்கள் அந்த வேலையை ஏற்றுக்கொள்ள வேண்டும்.

எங்கள் அலுவலகம் தன்னால் இயன்ற உதவியை உறுதியாகச் செய்யும். பலகை செய்ய விரும்பும் ஊராட்சிகள் இக்கூட்டம் முடிந்ததும் தங்கள் பெயரைப் பதிவு செய்துகொள்ளலாம். அடுத்த கூட்டத்திற்கு வரும்போது, எத்தனை பலகைகள் செய்தோம் என்பதோடு, எத்தனை பிள்ளைகள் அவற்றின் எதிரே அமர்ந்து ஆடினர் என்ற கணக்கையும் கொண்டு வருவோமாக.